மாடப்புறாவுக்கு எது இரக்கம்?

 

சென்ற ஆண்டு எங்கள் மத்ரஸாவில் நடந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்லித்தான் இக்கட்டுரையைத் தொடங்க வேண்டும். மேல்மாடியில் பிள்ளைகள் ஓதும் கூடத்தை ஒட்டி ஒரு பழைய தாழ்வாரம் இருக்கிறது. அதன் உத்தரங்களுக்கும் கூரைக்கும் இடையேயுள்ள சந்துகளில் பல ஆண்டுகளாக மாடப்புறாக்கள் குடியிருந்தன. எவரும் அவற்றைப் பொருட்படுத்தியதில்லை. ஒருநாள், இளைப்பு நோயால் அல்லலுற்ற மாணவன் ஒருவனைப் பரிசோதித்த மருத்துவர், "இவன் உறங்கும் இடத்தில் புறாக்கள் அடைகின்றனவா?" என்று கேட்டார். ஆம் என்றோம். "முதலில் அந்த எச்சத்தை அப்புறப்படுத்துங்கள், அதன்பின் மருந்தைப் பார்ப்போம்" என்றார் அவர்.

உடனே வலை வாங்கினோம். வியாழக்கிழமை அஸருக்குப் பின் தாழ்வாரம் முழுவதும் வலை அடித்து முடிந்தது. வெள்ளிக்கிழமை விடுமுறை. சனிக்கிழமை காலை வகுப்புக்கு வந்தபோது, வலைக்கு வெளியே இரண்டு புறாக்கள் சிறகடித்து மோதிக்கொண்டிருந்தன. பத்து வயதுச் சிறுவன் ஒருவன் என் கையைப் பற்றி இழுத்து, "ஹஜ்ரத், உள்ளே குஞ்சு கத்துது. அதோட அத்தாவும் அம்மாவும் வெளியே நிக்கிறாங்க" என்றான்.

ஏணி வைத்து ஏறிப் பார்த்தோம். கூட்டில் இரண்டு குஞ்சுகள் இருந்தன. ஒன்று இறந்து கிடந்தது. மற்றது தலையைத் தூக்க இயலாமல் தூக்கியது. எனக்கு உடல் நடுங்கிவிட்டது. எத்தனையோ முறை பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுத்த நபிமொழி அல்லவா அது! பயணம் ஒன்றில் தோழர்கள் ஒரு சிறு பறவையின் குஞ்சுகளை எடுத்துவிட, தாய்ப்பறவை சிறகை விரித்துத் தவித்ததைக் கண்ட பெருமானார் (ஸல்) அவர்கள், அதனை வருத்தியது யார் என்று கேட்டு, குஞ்சுகளைத் திருப்பி வைக்கும்படி கட்டளையிட்டார்கள் என்று இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி அபூதாவூதில் பதிவாகியுள்ளது. ஹதீஸை ஓதிக்கொடுத்த எங்களுக்குப் பறவையைத் தெரியவில்லை!

அன்று முதல் மாடப்புறாவைப் பற்றி அறியத் தலைப்பட்டேன். அறிந்தவற்றை உங்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

பாறையின் பறவை

திருச்சியில் வாழும் நமக்கு மாடப்புறாவின் பூர்வீகத்தை விளக்குவது எளிது. மலைக்கோட்டையை அண்ணாந்து பாருங்கள். சுமார் 83 மீட்டர் உயரமுள்ள அந்தப் பாறையின் வெடிப்புகளும் விளிம்புகளும் போன்ற இடங்களே இப்பறவையின் ஆதி இல்லம். ஐரோப்பாவின் மேற்குக் கடற்கரைப் பாறைகள் தொடங்கி, வட ஆப்பிரிக்கா, அரபுநாடுகள் வழியாக நமது நாடு வரை, செங்குத்துப் பாறைகளின் இடுக்குகளில் வாழ்வதற்கென்றே படைக்கப்பட்ட பறவை இது. இது மரக்கிளையில் கூடு கட்டுவதில்லை. மேலே கூரைபோல் ஒரு மறைப்பு, கீழே தட்டையான ஒரு விளிம்பு, எதிரே திறந்த வெளி ஆகிய மூன்றும் இருந்தால் போதும். பாறை இல்லாத ஊரில் கிணற்றுச் சுவரின் பொந்தில் குடியேறும்.

மனிதன் கல்லால் கட்டிய ஒவ்வொரு கட்டடமும் அதன் கண்ணுக்கு ஒரு பாறைதான். காவிரியைக் கடந்து ஸ்ரீரங்கம் செல்லுங்கள். 21 கோபுரங்கள் கொண்ட அந்த ஆலயத்தில், 1987ஆம் ஆண்டு நிறைவு பெற்ற ராஜகோபுரம் மட்டும் 236 அடி உயரம். அதன் 13 நிலைகளிலும் உள்ள சுதைச் சிற்பங்களின் இடைவெளிகளை எண்ணி முடியுமா? புறாவுக்கு அவை யாவும் மாடங்கள். 'மாடப்புறா' என்னும் தமிழ்ப்பெயரே இதைச் சொல்லிவிடுகிறது. நத்ஹர்வலி தர்காவின் குவிமாடமும், மாதாகோவிலின் உச்சியும், காவிரிப் பாலத்தின் அடிப்பக்கமும், ரயில் நிலையத்தின் இரும்பு உத்தரமும் அதற்கு ஒன்றே. நாகூர் தர்காவின் மினாராக்களைச் சுற்றிப் புறாக்கூட்டம் வட்டமிடும் காட்சியை ஜியாரத்துக்குச் சென்ற எவரும் மறக்கமாட்டார்கள். மலைக்கோட்டையிலிருந்து ஸ்ரீரங்கம் அதற்கு ஐந்து நிமிடப் பறப்பு. ஒரு மதத்தாரின் கோபுரத்தில் உறங்கி, இன்னொரு மதத்தாரின் முற்றத்தில் இரை பொறுக்கி, எல்லோருக்கும் பொதுவான காவிரியில் நீர் அருந்தும் பறவை அது!

நம் நாட்டு மாடப்புறா நீலச் சாம்பல் நிறமுடையது. கழுத்தில் பச்சையும் ஊதாவும் மின்னும். மடித்த சிறகில் இரண்டு கறுப்புப் பட்டைகள் தெரியும். ஐரோப்பியக் காட்டுப்புறாவின் முதுகின் அடிப்பகுதி வெண்மையாக இருக்கும். நம்முடையதில் அது பெரும்பாலும் சாம்பல் நிறமே. நகரத்துக் கூட்டங்களில் வெள்ளை, செம்பழுப்பு, புள்ளி என்று பல நிறங்கள் காண்கிறோமே, அதன் காரணம் என்ன? மனிதன் குறைந்தது 5,000 ஆண்டுகளாக இப்பறவையை வளர்த்து வருகிறான். கர்ணம் அடிக்கும் புறா, விசிறிவால் புறா, தூதுப்புறா ஆகிய யாவும் மாடப்புறாவின் சந்ததிகளே. கூண்டிலிருந்து தப்பியவை காட்டுப்புறாக்களுடன் கலந்துவிட்டன. இன்று நகரத்துக் கூட்டத்தில் எது காட்டு வழி, எது வீட்டு வழி என்று பிரித்தறிவது அரிது.

இதன் உறவினர் வேறு சிலரையும் நாம் அறிந்திருத்தல் நலம். தோட்டத்தில் தனித்தும் இணையாகவும் மேயும் புள்ளிப்புறா, முட்செடிகளில் வாழும் கள்ளிப்புறா, ஆல் அத்திப் பழங்களை உண்ணும் பச்சைப்புறா, தமிழ்நாட்டின் மாநிலப் பறவையாகிய மரகதப்புறா, மேற்குத்தொடர்ச்சி மலையின் சோலைகளில் மட்டுமே வாழும் நீலகிரிக் காட்டுப்புறா எனப் பல. புறாக் குடும்பத்தில் உலகெங்கும் 300க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. அவற்றுள் மாடப்புறா ஒன்றே நம் வீட்டுச் சன்னலுக்கு இந்த அளவு நெருங்கி வந்தது.

தந்தையும் பாலூட்டும் அதிசயம்

புறாக்கள் பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் ஒரே துணையுடன் வாழ்பவை. ஆண் ஒவ்வொரு குச்சியாகக் கொண்டுவர, பெண் அதை அடுக்கும். கூடு என்று பெருமையாகச் சொல்ல அதில் ஒன்றுமில்லை, பத்திருபது சுள்ளிகள்தாம். ஒரு முட்டை இட்டு, ஏறக்குறைய இரண்டு நாள் கழித்து அடுத்த முட்டை இடும். பெரும்பாலும் இரண்டுக்கு மேல் இல்லை. 17 முதல் 19 நாட்கள் அடைகாக்கும். அதிலும் என்னே ஓர் ஒழுங்கு! முற்பகலிலிருந்து மாலை வரை ஆண் அமரும். மாலை தொடங்கி மறுநாள் காலை வரை பெண் அமரும்.

குஞ்சு பொரித்ததும் நிகழ்வது இறைவனின் வல்லமைக்கு ஓர் அத்தாட்சி. கண் திறவாத அக்குஞ்சால் தானியத்தைச் செரிக்க முடியாது. ஆகவே தாய், தந்தை இருவரின் தொண்டைப்பையின் உட்சுவரும் தடித்து, அதன் உயிரணுக்கள் உதிர்ந்து, தயிர்க்கட்டி போன்ற ஓர் உணவாகின்றன. இதற்குப் 'புறாப்பால்' என்று பெயர். புரதமும் கொழுப்பும் செறிந்தது. நோய் எதிர்ப்புப் பொருட்களும் அடங்கியது. மனிதத் தாய்க்குப் பால் சுரக்கச் செய்யும் புரோலாக்டின் என்னும் அதே ஊக்கிதான் புறாவிலும் இதைத் தூண்டுகிறது. குஞ்சு தன் அலகைப் பெற்றோரின் வாய்க்குள் நுழைத்து அதை உண்கிறது. முதல் சில நாட்கள் இதுவே முழு உணவு. பின்னர் ஊறிய தானியம் சிறிது சிறிதாகக் கலக்கிறது. பத்து நாட்களுக்குப் பின் தானியமே பிரதான உணவாகிறது.

பறவைகளில் புறா இனத்தையும், பூநாரையையும், பெங்குவினில் ஒரு வகையையும் தவிர வேறெதற்கும் இத்தகைய ஏற்பாடு இல்லை. இதனால் விளையும் ஒரு பயனைக் கவனியுங்கள். மற்றப் பறவைகள் குஞ்சுக்குப் புழுபூச்சி தேடவேண்டியிருப்பதால், புழு பெருகும் பருவத்திலேயே இனம் பெருக்குகின்றன. புறாவுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. தானியம் கிடைக்கும்வரை ஆண்டு முழுவதும் முட்டையிட முடியும். தீனி மிகுந்த நகரத்தில் ஓராண்டில் ஐந்தாறு ஈடுகூட நடக்கும். முதல் ஈட்டுக் குஞ்சுகள் பறந்து செல்லும் முன்பே அடுத்த முட்டைகள் வந்துவிடும்.

குஞ்சு பறக்க நான்கு முதல் ஐந்து வாரங்கள் ஆகும். முட்டையிட்ட நாளிலிருந்து கணக்கிட்டால் ஏறக்குறைய ஐம்பது நாட்கள். நாங்கள் வலை அடித்த அன்று எங்கள் தாழ்வாரத்துக் குஞ்சுகளுக்குப் பத்து நாள்தான் இருக்கும். ஐம்பது நாள் கணக்கை அறியாததால் ஓர் உயிர் போயிற்று.

வீடு திரும்பும் அறிவு

புறாவை எங்கே கொண்டுபோய் விட்டாலும் தன் கூட்டுக்கே திரும்பும் என்பது பழங்காலத்திலிருந்தே மனிதன் அறிந்த உண்மை. ஒன்பதாம் நூற்றாண்டில் பஸராவில் வாழ்ந்த பேரறிஞர் அல்ஜாஹிஸ் தமது விலங்கியல் நூலில் புறாக்களுக்கென நீண்ட பகுதியே ஒதுக்கினார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சுல்தான் நூருத்தீன் ஸங்கி சிரியாவில் புறாத் தபால் முறையை அமைத்தார். அடுத்த நூற்றாண்டில் சுல்தான் பைபர்ஸ் அதனை விரிவாக்கினார். நமது நாட்டில் ஒடிசா மாநிலக் காவல்துறை 1946ஆம் ஆண்டு தொடங்கிய புறாப் படை, 1999ஆம் ஆண்டுப் பெரும்புயலின்போது தொலைபேசிகள் செயலிழந்த நிலையில் செய்தி சுமந்தது.

கதிரவனின் நிலை, பூமியின் காந்தப்புலம், காற்றில் வரும் மணம், ஆறு, சாலை போன்ற அடையாளங்கள் ஆகிய பலவற்றையும் சேர்த்தே புறா வழியறிகிறது என்று ஆய்வாளர்கள் கண்டுள்ளனர். இதிலும் நமக்கு ஒரு பாடம் உண்டு. பிடித்துக்கொண்டுபோய் வேற்றூரில் விட்டுவிட்டால் தொல்லை தீரும் என்று நினைப்பவர், திரும்பி வருவதற்குள் அது வந்து சேர்ந்திருக்கும்!

பெருகியது யாரால்?

இந்தியப் பறவைகளின் நிலை குறித்து 2023ஆம் ஆண்டு வெளியான அறிக்கை, பல இனங்கள் குறைந்துவரும் வேளையில் மாடப்புறாவும் மயிலும் குயிலும் பெருகி வருவதாகக் கூறுகிறது. இதற்குக் காரணம் நாம்தான். உயர்ந்த கட்டடங்களும், குளிர்சாதனப் பெட்டி வைக்கும் திண்டுகளும் மாடங்களாயின. அரிசி மண்டிகளிலும் சரக்கு லாரிகளிலும் சிந்தும் தானியம் உணவாயிற்று. இவற்றுக்கு மேல், நன்மை கருதி நாம் கொட்டும் தீனி.

இங்கே ஒரு கேள்வி எழலாம். தீனி போடுவது பாவமா? புறாக்களைக் கொன்று குறைக்கலாமா? இரண்டுக்கும் விடை தரும் ஓர் ஊர் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரம். அங்கே 1961 முதல் 1985 வரை சுமார் ஒரு லட்சம் புறாக்களைக் கொன்றார்கள். ஆயினும் எண்ணிக்கை 20,000 அளவிலேயே நின்றது. உணவு குறையாதவரை, இறந்தவற்றின் இடத்தை இளம்புறாக்கள் நிரப்பிக்கொண்டே இருந்தன. 1988ஆம் ஆண்டு வேறு வழி கண்டார்கள். அளவுக்கு மீறிய தீனியால் புறாக்கள் நெருக்கடியிலும் நோயிலும் உழல்கின்றன என்பதை மக்களுக்கு எடுத்துரைத்து, தீனி போடுவதை நிறுத்தச் செய்தார்கள். ஏறக்குறைய நான்கே ஆண்டுகளில் எண்ணிக்கை பாதியாகக் குறைந்தது. சிந்தித்துப் பாருங்கள்! கத்தியால் ஆகாதது கைப்பிடித் தானியத்தை நிறுத்தியதால் ஆயிற்று.

நம் நாட்டிலும் 2025ஆம் ஆண்டு மும்பையின் தாதர் பகுதியிலுள்ள பழைய புறாத்தீனி நிலையம் மூடப்பட்டபோது பெரும் சர்ச்சை எழுந்தது. ஒரு சாரார் உடல்நலம் என்றனர். மறுசாரார் ஜீவகாருண்யம் என்றனர். வீட்டு மாடியில் நமக்குள்ளும் அதே வழக்குதான் நடக்கிறது.

மார்க்கம் காட்டும் வழி

ஹஜ், உம்ரா சென்று வந்தவர்களின் உள்ளத்தில் ஹரம் ஷரீஃபின் புறாக்கள் நீங்கா இடம் பெற்றிருக்கும். ஹரம் எல்லைக்குள் வேட்டைப் பிராணியைக் கொல்வது தடை. அங்கே ஒரு புறாவைக் கொன்றவர் ஓர் ஆட்டைப் பரிகாரமாகக் கொடுக்கவேண்டும் என்று ஸஹாபாப் பெருமக்கள் தீர்ப்பளித்துள்ளதாக ஷாஃபிஈ மத்ஹப் நூல்கள் கூறும். தவ்ர் குகையின் வாயிலில் புறா கூடு கட்டியதாகச் சொல்லப்படும் செய்தியும் நம் வீடுகளில் பிரசித்தம். அதன் அறிவிப்பாளர் தொடர் பலவீனமானது என்று ஹதீஸ்கலை வல்லுநர்கள் கூறுவதையும் நாம் அறிந்திருக்க வேண்டும். புறாவிடம் இரக்கம் காட்ட நமக்கு அந்தச் செய்தி தேவையுமில்லை. பறவைகளும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்பதை அல்அன்ஆம் அத்தியாயத்தின் 38ஆம் வசனம் உணர்த்துகிறதே, அது போதாதா?

எச்சம் பற்றிய சட்டம் அடிக்கடி கேட்கப்படுகிறது. ஹனஃபி மத்ஹபில், உண்ண அனுமதிக்கப்பட்டவையும் பறந்தபடியே எச்சமிடுபவையுமான புறா, சிட்டுக்குருவி போன்றவற்றின் எச்சம் நஜீஸ் அல்ல. பள்ளிவாசல்களில், மஸ்ஜிதுல் ஹராமிலுங்கூட, புறாக்கள் வாழ மக்கள் விட்டுவைத்து வந்துள்ளனர் என்பதே அதற்குச் சான்றாகக் காட்டப்படுகிறது. கோழி, வாத்தின் எச்சம் அவ்வாறன்று. ஷாஃபிஈ மத்ஹபில் புறாவின் எச்சமும் நஜீஸே. எனினும், தவிர்க்க இயலாதபடி பரவியுள்ள இடத்தில், ஈரமின்றியும் வேண்டுமென்றே மிதிக்காமலும் இருக்குமாயின் மன்னிக்கப்படும்.

ஆனால், அன்பர்களே! தொழுகை கூடும் என்ற தீர்ப்பை, சுத்தம் செய்யத் தேவையில்லை என்ற தீர்ப்பாகச் சிலர் எடுத்துக்கொள்கின்றனர். இது பெரும் தவறு. தானும் தீங்குறாமல், பிறருக்கும் தீங்கு செய்யாமல் வாழ்வது நமது மார்க்கத்தின் அடிப்படை விதிகளில் ஒன்று. நான் நன்மை நாடிக் கொட்டும் தீனியால் பக்கத்து வீட்டுக் கைக்குழந்தைக்கு மூச்சு முட்டினால், அந்த நன்மையின் கணக்கை எப்படி எழுதுவது?

அஞ்ச வேண்டியது எதற்கு?

தலைக்கு மேல் புறா பறந்தாலே நோய் வந்துவிடும் என்று பயப்படத் தேவையில்லை. ஆபத்து, மூடிய இடத்தில் நெடுநாள் சேர்ந்து உலர்ந்த எச்சத்தில் இருக்கிறது. அந்தத் தூசியையும் இறகுத் துகளையும் தொடர்ந்து சுவாசிப்போரில் சிலருக்கு நுரையீரல் ஒவ்வாமையால் அழற்சி உண்டாகிறது. இருமல், மூச்சுத்திணறல், காய்ச்சல் எனத் தொடங்கி, கவனியாவிட்டால் நுரையீரல் தடித்துப் போகவும் கூடும். பழைய எச்சத்தில் வளரும் ஒருவகைப் பூஞ்சை, நோய் எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களுக்கு மூளைக்காய்ச்சலை உண்டாக்கவல்லது. ஆகவே நீங்காத இருமலுக்கு மருத்துவரிடம் செல்லும்போது, வீட்டில் புறா அடைவதை மறவாமல் சொல்லுங்கள்.

நாம் செய்ய வேண்டியவை

முதலாவது: வலை அடிக்குமுன் ஒவ்வொரு பொந்தையும் ஏணி வைத்துப் பாருங்கள். முட்டையோ குஞ்சோ இருந்தால், அவை பறந்து செல்லும்வரை பொறுங்கள். அந்த நாட்களில் பிள்ளைகளை அவ்விடத்திலிருந்து அப்புறப்படுத்துங்கள்.

இரண்டாவது: காலியான பொந்துகளை உடனே அடைத்துவிடுங்கள். தட்டையான விளிம்பின்மேல் சாய்வாகப் பலகை பொருத்தினால் புறா அமராது. வலை கிழிந்தால் அன்றே தைத்துவிட வேண்டும். இல்லையேல் உள்ளே சிக்கும் பறவை வெளியே வரமுடியாமல் மடியும்.

மூன்றாவது: உலர்ந்த எச்சத்தை ஒருபோதும் விளக்குமாற்றால் பெருக்காதீர்கள். மூக்கையும் வாயையும் முகமூடியால் மூடி, தண்ணீர் தெளித்து நன்கு ஊறவைத்து, வழித்தெடுத்து, பிறகு கழுவுங்கள். இளைப்பு நோயுள்ளவர் இவ்வேலைக்கு வேண்டாம்.

நான்காவது: பள்ளிவாசல் ஹவுளுக்கு மேலேயும் தண்ணீர்த்தொட்டிக்கு மேலேயும் மூடி அமையுங்கள்.

ஐந்தாவது: மாடியிலும் தெருவிலும் தானியம் கொட்டும் வழக்கத்தைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்துங்கள். புறா பட்டினியால் சாகாது. பறந்து சென்று தேடிக்கொள்ளும். காலையில் வெறும் வயிற்றுடன் புறப்பட்டு மாலையில் நிறைவயிற்றுடன் திரும்பும் பறவையைத் தவக்குலுக்கு உதாரணமாகக் காட்டிய நபி (ஸல்) அவர்களின் சொல்லை நாம் மறக்கலாகாது. அந்தப் பறவையும் கூட்டில் அமர்ந்திருக்கவில்லை, புறப்பட்டுச் சென்றது!

அப்படியானால் பறவைக்கு உணவளிக்கும் நன்மை நமக்கு இல்லையா? தாராளமாக உண்டு. ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதனோ பறவையோ விலங்கோ உண்டால் அது அவருக்குத் தர்மமாகும் என்னும் கருத்து புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வந்துள்ளது. கப்ருஸ்தானின் ஓரத்தில், மத்ரஸா வளாகத்தில், காவிரிக் கரையில் ஓர் அத்தியோ நாவலோ நடுங்கள். பச்சைப்புறாவும் குயிலும் குக்குறுவானும் அதில் உண்ணும். நாம் மண்ணுக்குள் சென்றபின்னும் அந்தத் தர்மம் நிற்காது. ஒரு பிடித் தானியம் ஒருநாள் நன்மை. ஒரு மரம் தலைமுறை நன்மை.

எங்கள் தாழ்வாரக் கதையை முடித்துவிடுகிறேன். அன்றே வலையின் ஒரு மூலையை அவிழ்த்தோம். நாங்கள் கீழிறங்கிச் சிறிது நேரத்தில் ஒரு புறா உள்ளே சென்றது. எஞ்சிய குஞ்சு அதன் வாய்க்குள் அலகை நுழைத்ததைச் சிறுவர்கள் மூச்சடக்கிப் பார்த்தார்கள். இளைப்பு நோயுள்ள மாணவனைக் கீழ்த்தளத்துக்கு மாற்றினோம். வகுப்பும் கீழே நடந்தது. மூன்று வாரங்களுக்குப் பின் ஒரு காலை, கூடு காலியாயிருந்தது. அதன்பின் நனைத்து, கழுவி, மூலையைத் தைத்தோம். அந்த மாணவனின் இருமல் இப்போது வெகுவாகக் குறைந்திருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ்.

மூன்று வாரம் பொறுத்திருந்தால் அந்த இன்னொரு குஞ்சும் பறந்திருக்கும். வளாகத்தின் மூலையில் பிள்ளைகள் ஓர் அத்திக்கன்று நட்டு, முறைவைத்துத் தண்ணீர் ஊற்றி வருகிறார்கள்.

அறிவோடு கூடிய இரக்கத்தையும், இரக்கத்தோடு கூடிய அறிவையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.